பெயரில் மட்டும் மிஞ்சும் கீரைகள்

ரபுன்சல் யார் என்று கேட்டால் இன்று கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ படிக்கும் ஏழு வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். வாசலில்லாத கோபுரத்தில் அடைபட்டு, பல முழக் கூந்தலைச் சன்னல் வழியே இறக்கிவிடும் பெண். ரபுன்சல் என்றால் என்ன என்று கேட்டால் பெரியவர்களாகிய நாமும் விழிப்போம். அது ஒரு செடியின் பெயர். கிழங்குக்காகவும் கீரைக்காகவும் ஐரோப்பியர் தோட்டத்தில் வளர்த்தும் காட்டில் பறித்தும் தின்ற செடி. அந்தச் செடியின் பெயரைப் பெண்ணுக்கு வைத்ததற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. காரணத்தை மறந்துவிட்டு உலகம் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த மறதியைப் பற்றியும், அதே மறதி நம் கரிசல் காட்டில் இப்போது நடந்துகொண்டிருப்பதைப் பற்றியும் இலக்கிய நண்பர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை மசக்கையில் தொடங்குகிறது. நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து கருவுற்ற ஒருத்தி, தன் வீட்டுப் பின்பக்கச் சன்னலிலிருந்து அடுத்த தோட்டத்தைப் பார்க்கிறாள். அது ஒரு சூனியக்காரியின் தோட்டம். சுற்றிலும் உயர்ந்த மதில். உள்ளே ஒரு பாத்தி நிறைய ரபுன்சல் செழித்து நிற்கிறது. அதைத் தின்னாவிட்டால் செத்துப்போவேன் என்கிறாள். புருஷன் இருட்டில் மதிலேறிக் குதித்து ஒரு பிடி பறித்துவருகிறான். தின்றவளுக்கு ஆசை அடங்கவில்லை, மூன்று பங்காகப் பெருகுகிறது. மறுபடி போனவன் பிடிபடுகிறான். வேண்டிய மட்டும் கீரையை எடுத்துக்கொள், பிறக்கும் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிடு என்பது சூனியக்காரியின் பேரம். பிறந்த பெண்ணுக்கு அவள் வைத்த பெயர்தான் ரபுன்சல். எந்தக் கீரைக்கு விலையாகப் பிள்ளை போனதோ அந்தக் கீரையின் பெயரே பிள்ளைக்கு.

மாங்காயும் புளியும் சாம்பலும் மண்ணும் தின்னத் துடிக்கும் மசக்கைக்காரிகளைக் கண்ட நம் கிழவிகளுக்கு இந்தக் கதையில் புரியாத எதுவும் இருந்திருக்காது. கோபுரமும் கூந்தலும் பிற்பாடு வருபவை. கதையின் வேர் ஒரு பெண்ணின் பசியிலும் ஒரு பிடிக் கீரையிலும் இருக்கிறது.

அந்தச் செடிக்குத் தாவரவியல் பெயர் கம்பானுலா ரபுன்குலஸ். லின்னேயஸ் 1753-இல் பதித்த பெயர். கம்பானுலா என்றால் சிறு மணி. பூவின் வடிவத்தால் வந்தது. ரபுன்குலஸ் என்றால் சின்ன டர்னிப், கிழங்கால் வந்தது. ஆக, பெயரின் ஒரு பாதி கண்ணுக்கும் மறுபாதி வயிற்றுக்கும் உரியது. முதல் ஆண்டு தரையோடு தரையாக இலை விரித்து, மண்ணுக்குள் வெண்மையான சதைப்பற்றுள்ள வேரைத் திரட்டிக்கொள்ளும். இரண்டாம் ஆண்டு இரண்டு மூன்றடித் தண்டு எழுப்பி, வெளிர்நீல மணிப் பூக்கள் பூத்து, விதை போட்டு மாளும். பூக்கும் முன் தோண்டினால் வேரை முள்ளங்கிபோலப் பச்சையாகவே கடிக்கலாம், வேகவைத்தும் உண்ணலாம். இலை கீரையாகும். ஐரோப்பாவின் காய்கறித் தோட்டங்களில் ஒரு காலத்தில் இதற்குப் பாத்தி இருந்தது. இன்று கீரைக் கடையில் கேட்டால் அங்கும் பெரும்பாலும் கிடைக்காது.

அதன் காட்டு உறவினர்களின் கதை இன்னும் விசித்திரமானது. அதே பேரினத்தைச் சேர்ந்த கம்பானுலா ரபுன்குலாய்டெஸ் என்ற செடியின் வேரும் உண்ணத்தக்கதுதான். அழகுக்காக அட்லாண்டிக்கைக் கடந்து வட அமெரிக்கத் தோட்டங்களுக்குப் போன அது, இன்று அங்கே ஒழிக்க முடியாத களையென்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை பிடுங்கினாலும் அறுந்து மிஞ்சும் வேர்த்துண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிடுங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் குப்பையில் எறிவது ஒரு கிழங்கு என்று தெரியும்? ஃபைட்யூமா என்ற இன்னொரு காட்டு இனத்துக்கும் ஜெர்மன் மொழியில் ரபுன்சல் என்ற பெயர் உண்டு. மணிப்பூக் குடும்பத்தோடு சம்பந்தமே இல்லாத, வயல்களில் முளைக்கும் வேறொரு சிறு கீரைக்கும் அதே பெயர்தான். இதனால் கதையில் வரும் ரபுன்சல் இவற்றில் எது என்ற கேள்விக்கு இன்றுவரை முடிந்த முடிவு இல்லை. உலகத்தின் பாதிக் குழந்தைகள் அறிந்த பெயருக்கு உரிய செடி எது என்பதே தகராறாகிவிட்டது.

கதை கடந்துவந்த வழியையும் பார்க்கலாம். இதன் மூத்த வடிவங்களில் ஒன்று நேப்பிள்ஸ் நகரத்து மொழியில் பசீலே எழுதி 1634-இல் வெளிவரத் தொடங்கிய கதைத்தொகுப்பில் இருக்கிறது. அங்கே திருடப்படும் கீரை பார்ஸ்லி. பெண்ணின் பெயரும் அதிலிருந்தே வந்தது, பெத்ரோசினெல்லா. 1690-களின் இறுதியில் பிரெஞ்சில் இக்கதையை எழுதிய த லா ஃபோர்ஸ் என்ற பெண்மணியும் பார்ஸ்லியையே வைத்துக்கொண்டு பெண்ணைப் பெர்சினெத் ஆக்கினார். அதை 1790-இல் ஜெர்மனுக்குக் கொண்டுவந்த ஷுல்ஸ்தான் பார்ஸ்லியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ரபுன்சலை நட்டார். கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டுத் தொகுப்பு வழியே அந்தப் பெயர் உலகம் சுற்றியது. ஊருக்கு ஊர் கீரை மாறலாம் என்பதில் கதைசொல்லிகளுக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆனால் கீரைக்குப் பெயர் இல்லாமல் போகலாம் என்று அவர்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

2010-இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த படத்தில்தான் அது நேர்ந்தது. அதில் கருவுற்றவள் அரசி. அவளுக்கு வந்தது மசக்கையில்லை, நோய். அவளைக் காப்பாற்றுவது சூரிய ஒளியின் துளியிலிருந்து முளைத்த மந்திரப் பொன்மலர். பெண்ணின் பெயர் மட்டும் ரபுன்சல் என்றே இருக்கிறது. சமையலறை போயிற்று, பசி போயிற்று, கிழங்கு போயிற்று. பெயர் ஓசையாக மிஞ்சியது. சொல் பிழைத்தால் பொருளும் பிழைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த உதாரணத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்படி நம்புகிறவர்கள் நம்மிடையே அதிகம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார் என்பதை மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். அந்த 99-இல் எத்தனையை நம்மால் கைகாட்ட முடியும்? பி.எல். சாமி போன்ற ஓர் அறிஞர் சங்க இலக்கியச் செடிகொடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, உரையையும் தாவரவியலையும் ஒப்பிட்டு, இது இன்னதாக இருக்கலாம் என்று நிறுவ ஓர் ஆயுளைச் செலவிட வேண்டியிருந்தது. அப்படியும் சில பெயர்களுக்கு இன்று கருத்து வேறுபாடுகளே மிச்சம். ஏட்டில் பெயர் பத்திரமாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிப் பூவைப் பறித்த வாய்தான் இடையில் எங்கோ நின்றுபோயிற்று.

இனி நம் கரிசலுக்கு வருவோம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று விரியும் இந்த மானாவாரிப் பூமியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகை வாடைக்காற்றோடு வருவது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண், மழை விழுந்ததும் உப்பி வெடிப்பை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கிணற்றுப் பாசனத்தில் காய்கறித் தோட்டம் போட இங்கே எல்லோருக்கும் வாய்த்ததில்லை. கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பாசியும் பருத்தியும் விளைந்த புஞ்சையில் வெஞ்சணத்துக்கு வழி என்ன? அதற்கு விதைக்காமல் முளைத்தவை இருந்தன.

தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை, சாரணை, மூக்கிரட்டை, கானாவாழை, தரைப்பசலை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, நல்வேளை. இவற்றில் ஒன்றையும் யாரும் விதைத்ததில்லை. பயிருக்கு இவை களை. களை எடுக்கும் பெண்ணுக்கு அன்றைய இரவுக்கான குழம்பு. ஒரே குத்தில் பயிருக்கும் வீட்டுக்கும் வேலை நடந்தது. பிடுங்கியதில் எது வரப்பில் எறிவதற்கு, எது மடியில் கட்டுவதற்கு என்பதைக் கை அறிந்திருந்தது. எதை எதோடு கலந்து கடைய வேண்டும், எது பூவிடும் முன் கிள்ளப்பட வேண்டும், எதை வேகவைத்து நீரை வடிக்க வேண்டும் என்ற நுட்பம் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு வந்தது. நிலம் ஒருவருடையதாக இருக்கலாம். அதில் தானாக முளைத்த கீரையின்மேல் நிலக்காரர் உரிமை கொண்டாடியதில்லை. ரபுன்சல் கதையின் மதில் கரிசலில் இல்லாமல் இருந்தது.

கீரைகளோடு ஒரு காயையும் தனியாகச் சொல்ல வேண்டும். மணிப்பூச் செடியின் கிழங்கைப்போல மண்ணுக்குள் உயிரை ஒளித்துவைத்துக்கொள்ளும் செடி நம் கரிசலில் எது என்று கேட்டால் விடை அதலை. பாகலின் காட்டு உறவு. மொமோர்டிகா சிம்பலேரியா என்பது அதன் தாவரவியல் பெயர். கோடை முழுதும் மேலே ஒரு சருகுகூட இல்லாமல் கிழங்காக உறங்கும். மழை விழுந்து மண் இளகியதும் கொடி கிளம்பி, வரப்பு ஓரத்திலும் பயிருக்கு ஊடேயும் படர்ந்து, விரற்கடை நீளத்தில் வரியோடிய சிறு காய்களைக் காய்க்கும். ஐப்பசிக்குப் பிந்திய சில மாதங்களுக்கு மதுரையிலும் விருதுநகரிலும் கோவில்பட்டியிலும் சந்தைக்கு வரும். காம்பும் நுனியும் கிள்ளி, வெங்காயமும் வற்றலும் போட்டு எண்ணெயில் சுருளச் சுருள வதக்கினால் பாகலைவிட இணக்கமான ஒரு கசப்பு. புளிக்குழம்பு வைக்கலாம், வற்றல் போடலாம். தெலுங்கில் காசரகாய், கன்னடத்தில் கர்ச்சிகாய் என்று தக்காணத்தின் கறுப்பு மண் முழுக்க அதற்குப் பெயர் உண்டு.

அதலையை லேசில் பயிர்செய்ய முடியாது. விதை கடினத் தோலுடையது, சுலபத்தில் முளைக்காது. கிழங்கிலிருந்து கிளம்புவதே அதன் இயல்பு. பறித்த காய் இரண்டொரு நாளுக்கு மேல் தாங்காது, வெடித்துவிடும். ஆகவே தொலைதூரச் சந்தைக்கும் குளிர்பதனக் கடைக்கும் அது ஒத்துவராது. பக்கத்து ஊர்க்காரருக்கு மட்டுமே ஆகிவந்த காய். பெட்டியில் அடைத்து அனுப்ப முடிந்த கடலை மிட்டாய்க்குக் கோவில்பட்டியின் பெயரால் 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான், நமக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை அதிகம் விரும்பாத காய் எந்தக் குறியீடும் இல்லாமல் கூறுகட்டி விற்கப்பட்டு, ஒவ்வோர் ஆண்டும் கூறு சிறுத்துக்கொண்டே வருகிறது.

ஏன் சிறுக்கிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் கம்பும் சோளமும் இருந்த இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. அதன் மணி பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. மக்காச்சோளத்தோடு களைக்கொல்லியும் வந்தது. விதைத்த சில நாட்களுக்குள் தெளிக்கும் அட்ரசின் போன்ற மருந்துகள் அகன்ற இலைக் களைகளைத்தான் முதன்மையாகக் குறிவைக்கின்றன. மேலே பெயர் சொன்ன கீரைகள் அத்தனையும் அகன்ற இலைச் செடிகளே. ஆழ உழும் இயந்திரக் கலப்பை அதலைக் கிழங்கைப் புரட்டி வெயிலில் போடுகிறது. உழாமல் கைவிட்ட தரிசிலோ சீமைக்கருவேலம் மூடிக்கொண்டு கீழே ஒன்றையும் விடுவதில்லை. உழுதாலும் இடமில்லை, உழாவிட்டாலும் இடமில்லை என்ற நிலை. இவற்றுக்கு நடுவே களையெடுக்கும் கைகளும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போய்விட்டன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நாமே அதை எழுப்பிவிடுவது நல்லது. களையெடுப்பு என்ன கொண்டாட்டமா? நாளெல்லாம் குனிந்து வெயிலில் வெந்து, நிலமில்லாத பெண்கள், அவர்களிலும் பெரும்பாலும் தலித் பெண்கள், மிகக் குறைந்த கூலிக்குச் செய்த வேலை அது. அந்த முதுகுகள் நிமிர்ந்ததற்கு மருந்துத் தெளிப்பும் ஒரு காரணமென்றால், கீரைக்காக அவர்கள் மறுபடி குனிய வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? இன்னொன்று: காட்டுக்கீரை தின்றது ருசிக்காக மட்டுமா? வேறு வழியில்லாமல் தின்றதுதானே? தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு இந்த மண்ணில் இன்றும் கதைகளாக இருக்கிறது. பஞ்சத்தில் வயிற்றை நிரப்பியதைப் பாரம்பரியம் என்று பெயர் மாற்றி விற்பது, நகரத்து உணவகத்தில் பித்தளைத் தட்டில் கம்மங்கூழை வைத்துக் காசு பிடுங்கும் வேலையோடு சேர்ந்துவிடாதா?

இந்த மறுப்பின் பலத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கீரையின்மேல் படிந்த வெட்கம் மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு வறுமையைச் சொல்லும் இடத்தை நண்பர்கள் நினைவுகூரலாம். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, புறம்பேசுவோர் கண்ணில் படாதிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள் ஒருத்தி. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகியும் அந்தக் கதவு முழுக்கத் திறக்கவில்லை. சந்தையில் வாங்கிய முட்டைக்கோசைச் சொல்லிக்கொள்கிறவர்கள் வரப்பில் பறித்த தொய்யக்கீரையைச் சொல்லிக்கொள்வதில்லை.

ஆனால் அதே பாட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நத்தத்தனார் அதை ஏதோ ஒரு கீரை என்று எழுதவில்லை. வேளை என்று எழுதினார். எங்கே முளைத்தது, எதனால் கிள்ளப்பட்டது, எதில்லாமல் வெந்தது என்பது வரை எழுதினார். வறுமையை உண்மையாகச் சொல்ல அந்தப் பெயர் தேவைப்பட்டது. ஐந்து விரல் விரித்ததுபோன்ற இலையும் வெள்ளைப் பூவுமாக நல்வேளை இன்றும் கரிசலின் குப்பை மேட்டில் நிற்கிறது. அதனால்தான் வரியைப் படித்ததும் நமக்குச் செடி தெரிகிறது. குறிஞ்சிப்பாட்டின் சில பூக்கள் தெரியாததற்கும் இது தெரிவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு கவிஞர்களின் திறமையைச் சார்ந்ததாகத் தோன்றவில்லை. பெயரோடு செடியும் கூடவே வந்ததா என்பதைச் சார்ந்தது.

மறுப்புக்கு நம் பதில் இதுதான். பெண்கள் மறுபடி களைக்குக் குனிய வேண்டியதில்லை. பஞ்சத்தை அலங்கரிக்கவும் வேண்டாம். ஆனால் அந்த வேலையோடு சேர்ந்து வளர்ந்த அறிவு, வேலை ஒழியும்போது கூடவே ஒழிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எது உணவு, எது நஞ்சு, எது எந்த மாதத்தில் எங்கே வரும் என்று அறிந்திருந்தவர்கள் பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள். அதை அறிவு என்று அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒப்புக்கொள்ளாமல், அவர்கள் போன பிறகு ஆய்வேட்டில் அடிக்குறிப்பாக்குவதுதான் உண்மையான அவமரியாதை. அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபது எழுபது வயது. அவர்களுடைய மகள்களுக்குப் பாதி தெரிகிறது. பேத்திகளுக்குப் பச்சையாக இருப்பதெல்லாம் புல்.

இலக்கியக்காரர்களாகிய நாம் இங்கே எங்கே நிற்கிறோம்? கரிசல் அளவுக்கு எழுத்தால் ஆசீர்வதிக்கப்பட்ட வட்டாரம் தமிழில் குறைவு. இடைசெவல் என்ற ஒரு சிற்றூரிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். பூமணி வந்தார். உருளைக்குடியிலிருந்து சோ. தர்மன் வந்து, ஒரு கண்மாயின் வாழ்வையும் சாவையும் 'சூல்' என்று 2016-இல் நாவலாக்கினார். சம்சாரியாக இருந்த கி.ரா. நண்பர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல் சேகரித்து 1982-இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்யாத வேலை. 2021 மே மாதம் அவர் மறைந்தபோது நாம் எல்லோரும் அந்த அகராதியைத்தான் முதலில் நினைத்துக்கொண்டோம்.

அந்த அகராதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அது நமக்கு ஒரு மெத்தனத்தைக் கொடுத்துவிட்டது. சொற்கள் பத்திரமாகிவிட்டன என்ற நிம்மதி. கி.ரா. அந்தச் சொற்களைச் சேகரித்த காலத்தில் அவற்றைப் புழங்கும் வாய்கள் சுற்றிலும் இருந்தன. அவர் கேட்டு எழுதினார். இன்று நாம் படித்து எழுதுகிறோம். வட்டார மொழியில் எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் இளம் எழுத்தாளர்களின் கதைகளில்கூட 'பேர் தெரியாத செடிகள்', 'ஏதோ காட்டுக்கீரை', 'மஞ்சள் நிறப் பூ' என்ற சொற்றொடர்கள் சாதாரணமாக வந்துவிடுகின்றன. பேச்சு வழக்கின் விகுதிகளைத் துல்லியமாகப் பிடிக்கிறவர்கள், பேசுகிறவர் காலடியில் இருக்கும் செடியைப் பிடிப்பதில்லை. இது வட்டார இலக்கியத்தின் உயிர்நிலையில் விழும் ஓட்டை என்பது எங்கள் எண்ணம். ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு வட்டாரத்தை எத்தனை நாளைக்கு எழுத முடியும்?

வேறு வழி இல்லையா என்றால், மணிப்பூக் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கொரியாவில் தொராஜி என்றொரு மணிப்பூச் செடி. ஐரோப்பிய ரபுன்சலுக்குத் தூரத்துச் சொந்தம். மலையில் தானாக வளரும் இதன் வெள்ளை வேர் கசக்கும். தோல் சீவி, நார் நாராகக் கிழித்து, உப்புப் போட்டுப் பிசைந்து ஊறவைத்துக் கசப்பைப் போக்கி வதக்குகிறார்கள். அறுவடைத் திருநாளிலும் முன்னோர் வழிபாட்டிலும் படைக்கும் மூவண்ணக் கறியில் வெள்ளைக்கு உரியது இதுவே. அதே வேரைத் தோண்டப்போவதைப் பற்றிய நாட்டுப்பாட்டு, இரண்டாகப் பிரிந்துவிட்ட அந்தத் தேசத்தின் இரு பாதியிலும் பாடப்படுகிறது. பாட்டில் வருவது தட்டிலும் இருக்கிறது, தட்டில் இருப்பது சந்தையிலும் கிடைக்கிறது. காட்டில் போதாதபோது பயிரும் செய்துகொண்டார்கள். ஏழைக் கிழங்கு என்று அதை ஒதுக்கவில்லை, பாட்டில் இருந்தால் போதும் என்று விட்டுவிடவும் இல்லை.

நம்மால் செய்யக்கூடியவை சிறியவை. ஆனால் அவை நம் கையில்தான் இருக்கின்றன. எழுதுகிறவர்கள் தங்கள் கதையில் வரும் செடியின் பெயரை ஊரில் ஒரு மூத்த பெண்ணிடம் கேட்டுவிட்டு எழுதலாம். கேட்கும்போது பெயரோடு நிறுத்தாமல், எப்படிச் சமைப்பது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஆளுக்குப் பத்துச் செடி என்று எழுதினாலும் ஒரு வட்டாரத்துக்கு நல்ல கையேடு ஆகிவிடும். ஊர்ப் பள்ளிகளில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் மழைக்காலத்தில் ஒருநாள் பிள்ளைகளை வகுப்பறைக்குப் பதிலாக வரப்புக்கு அழைத்துப்போய், அவர்களுடைய பாட்டிகளில் ஒருவரைப் பாடம் நடத்தச் சொல்லலாம். நிலம் வைத்திருப்பவர்கள் வரப்பையாவது மருந்தடிக்காமல் விட்டுவைக்கலாம். அதலைக்கும் தொய்யலுக்கும் அந்த ஒரு முழ அகலம் போதும். வாங்கித் தின்கிறவர்கள், கார்த்திகை மார்கழியில் சந்தையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் அதலைக்காயைப் பெயர் சொல்லிக் கேட்டு, பேரம் பேசாமல் வாங்கலாம். கேட்கிறவர்கள் இருந்தால் பறிக்கிறவர்களும் இருப்பார்கள்.

குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். அடுத்த முறை ரபுன்சல் கதையைத் தமிழில் சொல்லும்போது கீரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பசீலே பார்ஸ்லி என்றார், ஷுல்ஸ் ரபுன்சல் என்றார். தத்தம் மொழியில் கேட்கிறவர்கள் அறிந்த கீரையை அவரவர் வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை நமக்கும் உண்டு. கோவில்பட்டிப் பக்கம் சொல்லும்போது மதிலுக்கு அப்பால் பண்ணைக்கீரை முளைக்கட்டும், பிறந்த பெண்ணுக்குப் பண்ணை என்றே பெயர் இருக்கட்டும். 'பண்ணை, கூந்தலை இறக்கு' என்று சூனியக்காரி கூப்பிடட்டும். கேட்கிற பிள்ளை சிரிக்கும். சிரித்துவிட்டு, பண்ணைக்கீரை என்றால் எது என்று கேட்கும். அப்போது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஊர்க்கோடியில் அந்தச் செடி நிற்க வேண்டும்.